எர்த்பவுண்ட் பாதி வழியில்: மூன்று நிமிடம் சும்மா நில் என்கிறது இந்த கேம்

அல்சூர் முருகு

நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலின் சந்தாச் சேவையான ஸ்விட்ச் ஆன்லைனில் எர்த்பவுண்ட் 2022 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. நான் இப்போதுதான் தொட்டேன். ஃபோர்சைட் நகரம் வரை வந்தாயிற்று, மூன்சைடும் முடிந்தது. சேகரிக்க வேண்டிய எட்டு மெட்டுகளில் மூன்று கையில் இருக்கின்றன. நம் அணியில் சேர வேண்டிய நாலாவது ஆளை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. ஆக, பாதிக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிறேன். இதற்கு மேல் நடக்கும் கதையை யாரும் இங்கே உளறிவிட வேண்டாம், புண்ணியமாகப் போகும்.

விளையாடாதவர்களுக்காக நாலு வரி. ஜப்பானில் 1994 ஆகஸ்டில் மதர் 2 என்ற பெயரிலும், அமெரிக்காவில் 1995 ஜூனில் எர்த்பவுண்ட் என்ற பெயரிலும் வந்த சூப்பர் நின்டெண்டோ கன்சோலுக்கான ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் கேம். எழுதியவர் ஷிகெசாட்டோ இட்டோய். விளம்பர வாசகம் எழுதுவதில் அங்கே பெரிய பெயர். வாள், டிராகன், மன்னர் எதுவும் கிடையாது. தொப்பி போட்ட நெஸ் என்ற பையன், கையில் பேஸ்பால் மட்டை, தெருவில் பர்கர் கடை, ஆஸ்பத்திரி, ஏடிஎம். எதிரிகள் யார் என்றால் ஓடிவந்த நாய், வன்மம் பிடித்த காக்கை, சிடுசிடு அம்மாள், வயதாகியும் திருந்தாத ஹிப்பி. ஃபோர்சைட் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் விளக்கு அணைந்ததும் கிடாரும் கொதிக்கும் காபிக் கோப்பையும் அடிக்க வருகின்றன. ஜெயித்தால் யாரும் சாவதில்லை. நாய் சாதுவாகிவிட்டது என்றும், சிடுசிடு அம்மாள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டாள் என்றும்தான் கேம் சொல்கிறது.

எல்லோரும் இந்த கேமின் வசனத்தைப் புகழ்கிறார்கள். வசனம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இதுவரை பட்டது வேறு. இதன் குசும்பு வசனத்தில் இருப்பதைவிட விதிகளில்தான் அதிகம் இருக்கிறது.

உதாரணம் ஒன்று. சாட்டர்ன் பள்ளத்தாக்கு பக்கம் ஓர் அருவிக்குப் பின்னால் எதிரியின் தொழிற்சாலை. வாசலில் கடவுச்சொல் கேட்கிறது ஒரு குரல். கடவுச்சொல் என்ன தெரியுமா? மூன்று நிமிடம் எந்த பட்டனையும் தொடாமல் நிற்பது. அவ்வளவுதான். நான் இதை மெட்ரோவில், இந்திராநகரிலிருந்து ஒயிட்ஃபீல்டு போகிற கூட்டத்தில் நின்றுகொண்டு செய்தேன். பக்கத்து ஆளின் முதுகுப் பை கையில் இடிக்கும், நெஸ் ஓரடி நகர்ந்துவிடுவான், மறுபடி முதலிலிருந்து. கடைசியில் ஹூடி தாண்டியதும் கதவு திறந்தது. வேறெந்த கேமாவது உன்னைச் சும்மா நிற்கச் சொல்லி, நின்றதற்குப் பரிசும் கொடுத்திருக்கிறதா?

இன்னொன்று, உயிர் எண். அடி விழுந்ததும் அது சட்டென்று குறைவதில்லை. பழைய ஆட்டோ மீட்டர் போல இலக்கம் இலக்கமாக உருண்டு இறங்குகிறது. செத்துப்போகிற அளவு அடி விழுந்திருந்தாலும், பூஜ்யத்தைத் தொடுவதற்குள் வைத்தியம் பார்த்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். சண்டை அதற்குள் முடிந்துவிட்டாலும் சரி. பீஸ்ஃபுல் ரெஸ்ட் பள்ளத்தாக்கில் ஒரு மர எதிரி இருக்கிறது, சாகும்போது வெடிக்கும். அது வெடித்தவுடன் நான் பட்டனைத் தட்டித் தட்டி வசனங்களை ஓட்டுகிறேன், எண் உருண்டுகொண்டே இருக்கிறது, பன்னிரண்டோ என்னவோ மிச்சம் இருக்கும்போது சண்டை முடிகிறது. நிதானமாக யோசித்து ஆட வேண்டிய முறைவைத்துச் சண்டைக்குள் இப்படி ஒரு பதற்றத்தை நுழைத்த மூளைக்குக் கும்பிடு.

மூன்றாவது, பலம் கூடிய பிறகு அந்த வட்டாரத்துச் சின்ன எதிரிகள் நம்மைப் பார்த்து ஓடுகிறார்கள். விரட்டிப் பிடித்தால் சண்டைத் திரையே வராது, ஜெயித்துவிட்டாய் என்று சொல்லி அனுபவப் புள்ளியைக் கொடுத்துவிடும். 1994-ல் இதை யோசித்திருக்கிறார்கள். இன்றைக்கும் பல ஆர்பிஜிகளில் ஒரே சுண்டெலியை நூறு முறை அடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆரம்பத்தில் பிடித்த உணவு, பிடித்த பொருள் எல்லாம் கேட்டது. உணவுக்கு தோசை என்று போட்டேன். பொருளுக்குக் காபி. அது எதற்கு என்று அப்போது தெரியாது. இப்போது நெஸ்ஸின் பெரிய மந்திரத்தின் பெயர் பிஎஸ்ஐ காபி. கொதிக்கும் காபிக் கோப்பையை பிஎஸ்ஐ காபியால் அடித்து வீழ்த்தினேன். எழுதியவர் இதை எதிர்பார்த்திருக்கவே முடியாது, ஆனாலும் இடம் விட்டு வைத்திருக்கிறார்.

பாலைவனப் பகுதி மட்டும் இழுவை. அதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் கருத்து என்ன?

கேசட் காலம்

முருகு, நல்ல தொடக்கம். வயதில் மூத்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் பழங்கதை.

இந்த கேம் வந்த காலத்தில் நம் பக்கம் டிவி கேம் என்றால் மஞ்சள் கேசட்டும், ஒரே கேசட்டில் 9999 கேம் என்று போட்ட புளுகும்தான். மெஜஸ்டிக் பக்கம் நேஷனல் மார்க்கெட்டில் வெளிநாட்டுச் சாமான் தேடி அலைந்த கூட்டத்தில் நானும் ஒருவன். சூப்பர் நின்டெண்டோவைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்ததோடு சரி. எர்த்பவுண்டை நான் ஆடியது வெகு காலம் கழித்துக் கணினியில்.

அமெரிக்காவிலும் அப்போது இது ஓடவில்லை. சுமார் 1,40,000 பிரதிதான் விற்றது என்பார்கள். காரணம் பாதி விளம்பரம். 'இந்த கேம் நாறுகிறது' என்று விளம்பரம் போட்டார்கள். கேமோடு ஒரு தடித்த கையேடு, அதற்குள் தேய்த்து முகர்ந்து பார்க்கிற அட்டைகள். பெட்டி பெரிதாகி விலையும் ஏறியது. படங்கள் வேறு அந்த வருடத்துக்கு எளிமையாகத் தெரிந்தன. ஃபைனல் ஃபேன்டஸி 6 ஏற்கெனவே வந்திருந்த சந்தை அது. அதன் பக்கத்தில் வைத்தால் இது பிள்ளைகள் வரைந்த படம்.

இன்னொரு கதை இதைவிட சுவாரசியம். கேம் உருவாகும்போது பல வருடம் இழுத்து, கடைசியில் தேறாது என்ற நிலைக்கு வந்துவிட்டது. அப்போது ஹெச்ஏஎல் லேபரட்டரி என்ற ஜப்பானிய கேம் கம்பெனியில் இருந்த சடோரு இவாட்டாவைக் கூப்பிட்டார்கள். அவர் பார்த்துவிட்டுச் சொன்னது: இருப்பதை வைத்துச் சரிசெய்தால் இரண்டு வருடம் ஆகும், முதலிலிருந்து எழுதினால் ஆறு மாதம் போதும். முதலிலிருந்துதான் எழுதினார்கள். பின்னாளில் 2002-ல் நின்டெண்டோவுக்கே தலைவர் ஆனவர் அவர். இங்கே எஸ்.பி. ரோடு பக்கத்தில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் நான் வேலை பார்த்தபோது இந்தக் கதையை மேனேஜரிடம் சொன்னேன். அவர் இரண்டு வருடத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். போகட்டும்.

விதிகளில்தான் குசும்பு என்கிறீர்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். விதியைச் செதுக்கத் தெரிந்த நிரலாளர் ஒருவர், வாசகம் எழுதத் தெரிந்த ஒருவர், இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டிருக்கிறார்கள். இசையும் அப்படித்தான். கெயிச்சி சுசுகி ராக் இசைக்குழுக்காரர், ஹிரோகாசு தனகா நின்டெண்டோவின் ஒலிப் பொறியாளர். ஹிப்பியோடு சண்டை போடும்போது வரும் இசையைத் தனியாக ஒரு முறை கேட்டுப்பாருங்கள்.

டிஃப்பன்பாக்ஸ்

எல்லோரும் பாராட்டுப் பத்திரம் வாசிப்பதால் நான் எதிர்க்கட்சி.

நானும் ஃபோர்சைட் வரை ஆடினேன். அங்கேயே நிறுத்திவிட்டேன். காரணம் பை. ஒரு ஆளுக்கு 14 இடம். அதில் போட்டிருக்கிற தொப்பியும் மட்டையும் இடம் பிடிக்கும். கதைக்குத் தேவையான சாமான்களும் இடம் பிடிக்கும். இரண்டு பர்கர் வாங்கினால் இரண்டு இடம். சைக்கிள் கொடுக்கிறான், அது தனியாக இருக்கும்போது மட்டும்தான் ஓட்ட முடியும், ஆள் சேர்ந்ததும் வெறும் சுமை. கெட்சப் பாக்கெட்டுக்கு ஓர் இடம்! கெட்சப்பை பர்கரோடு சேர்த்துச் சாப்பிட்டால் கூடுதலாக உயிர் ஏறும் என்பது அழகான யோசனைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அழகுக்காக ஒரு கதவுச் சாவியைக் கீழே போட முடியுமா?

இதெல்லாம் குசும்பு என்று சொல்லி மன்னிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. வேகமாக ஓட பட்டன் கிடையாது. நடைதான். ஸ்கிப் சாண்ட்விச் தின்றால் சில விநாடி வேகம், அவ்வளவே. வேறொரு கேம் இதைச் செய்திருந்தால் பழுது என்போம், இது செய்தால் மட்டும் பாணி என்கிறோம்.

பாலைவனத்தில் இருக்கும் அந்தத் தங்கச் சுரங்கத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஹெச்பி ஒன்று

சுரங்கத்து ஐந்து பெருச்சாளிகளும் நான்தான் மூன்றாவது பலசாலி என்று சொல்கின்றன. அண்ணா, அந்த ஒரு காமெடிக்காக அந்தச் சுரங்கத்தை மன்னிக்கலாம்.

டிஃப்பன்பாக்ஸ்

> அந்த ஒரு காமெடிக்காக

ஐந்தாவது பெருச்சாளியைத் தேடி அலைந்தபோது அந்தக் காமெடி எனக்கு உறைக்கவில்லை, தம்பி.

அல்சூர் முருகு

டிஃப்பன்பாக்ஸ் சொல்வதில் பாதி நியாயம். பையைப் பற்றி நான் வாதாட வரவில்லை. தேர்வாகப் பார்த்தால் அது மோசமான தேர்வுதான். எஸ்கார்கோ எக்ஸ்பிரஸ் என்று ஒரு கொரியர் இருக்கிறது, தங்கை ட்ரேசி அங்கே பகுதி நேரம் வேலை செய்கிறாள், அவளுக்கு போன் போட்டால் ஆள் வந்து மூன்று சாமான் வாங்கிப்போவான், கட்டணமும் வசூலிப்பான். தங்கையே ஆனாலும் காசு காசுதான். சிரித்தேன். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் இதைச் செய்ய வேண்டியிருக்கும்போது சிரிப்பு தேய்ந்துவிடுகிறது.

புதிதாக ஆடுகிறவர்களுக்கு ஒரு விஷயம்: பேச, பார்க்க எல்லாவற்றுக்கும் மெனு திறக்காதீர்கள். எல் பட்டன் ஒன்றே இரண்டையும் செய்யும். இது தெரியாமல் பலர் முதல் ஊரான ஒனெட்டிலேயே சலித்துப்போகிறார்கள்.

பாலைவனம். த்ரீட் என்ற ஊரிலிருந்து ஃபோர்சைட்டுக்கு பஸ் ஏறுகிறோம். நடுவழியில் டிராஃபிக் ஜாம். பஸ் நகராது, இறங்கி வெயிலில் நட என்கிறது கேம். சில்க் போர்டு சிக்னலில் நின்று பழகிய எவனுக்கும் அந்தக் காட்சியில் வசனமே தேவையில்லை. வெயிலில் நடந்தால் சூடு பிடிக்கும், ஈரத்துண்டு போட வேண்டும். பாலைவனத்தின் ஒரு மூலையில் ஒரு கறுப்பு எள், இன்னொரு மூலையில் ஒரு வெள்ளை எள். கண்ணுக்கே தெரியாத அந்த இரண்டு எள்ளும் காதலிக்கின்றன. ஒன்றின் சேதியை மற்றதிடம் கொண்டுபோய்ச் சொல்லலாம். சொன்னால் என்ன கிடைக்கும்? ஒன்றுமில்லை. இதெல்லாம் பிரமாதம்.

பிறகு சுரங்கம். ஒரே மாதிரி வளைவுகள், ஒரே மாதிரி சண்டை. அங்கே குசும்பு வசனத்தில் மட்டும்தான் இருக்கிறது, விதியில் இல்லை. பெருச்சாளி சொல்வது சிரிப்பு, ஆனால் பெருச்சாளியைத் தேடுவது வெறும் வேலை. நான் முதல் பதிவில் சொன்னது இதுதான். விதியும் வேடிக்கையும் ஒன்றாக இருக்கும் இடத்தில் கேம் பறக்கிறது, வேடிக்கையை மேலே தூவிவிட்டுக் கீழே வழக்கமான நிலவறையை வைத்த இடத்தில் இழுக்கிறது.

மூன்சைட் இதற்கு நேர் எதிர். கறுப்புப் பின்னணியில் நியான் கோடுகளாக ஒரு நகரம். அங்கே ஆமாம் என்றால் இல்லை, இல்லை என்றால் ஆமாம். ஒருவரைத் தொட்டால் வேறு மூலைக்குத் தூக்கிப் போடுகிறார்கள். நான் வரைபடம் வரையத் தொடங்கி, பிறகு தாளைத் தூக்கிப் போட்டுவிட்டேன். கடைசியில் அங்கே இருக்கும் ஒரு சிலையை உடைத்ததும், இவ்வளவு நேரமும் நெஸ் ஒரு கஃபேயின் பின்னறையில் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறான் என்று தெரிகிறது. நிலவறையே அங்கே இல்லை!

சரக்கொன்றை

நான் கேமர் கிடையாது. தம்பி வாங்கிய ஸ்விட்சில் சனி, ஞாயிறு மட்டும் இதை ஆடுகிறேன். நீங்கள் எல்லோரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன்.

நெஸ்ஸுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும். அது ஒரு நோய் மாதிரி. விஷம், ஜலதோஷம் இருக்கிற அதே பட்டியலில் வீட்டு ஏக்கமும் இருக்கிறது. வந்துவிட்டால் சண்டையின் நடுவே அம்மா நினைப்பு வந்து அடிக்காமல் நின்றுவிடுவான். எந்தக் கடையிலும் அதற்கு மருந்து இல்லை. பொது போனைத் தேடிப்பிடித்து அம்மாவோடு பேச வேண்டும். பேசினால் சரியாகிவிடும்.

திருநெல்வேலியிலிருந்து கே.ஆர். புரத்து பிஜிக்கு வந்து சேர்ந்த முதல் வருடத்தில் எனக்கு இந்த வியாதி இருந்தது. அப்போது யாராவது இதை வியாதிப் பட்டியலில் சேர்த்திருந்தால் லீவாவது கேட்டிருப்பேன். முருகு சொல்கிற 'விதியில் குசும்பு' என்பதற்கு நான் வேறு பெயர் வைப்பேன். இந்த விதிகள் எல்லாமே வீட்டை விட்டு வெளியே வந்த ஒரு பிள்ளையைச் சுற்றியே எழுதப்பட்டவை. சேவ் செய்ய அப்பாவுக்கு போன். அப்பா அடுத்த லெவலுக்கு எவ்வளவு புள்ளி வேண்டும் என்று சொல்லி, கணக்கில் இவ்வளவு பணம் போட்டிருக்கிறேன் என்கிறார். ஏடிஎம்மில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ரொம்ப நேரம் ஆடினால் அவரே கூப்பிட்டு, கொஞ்சம் ஓய்வெடு என்கிறார். ஊருக்குப் போனால் அம்மா பிடித்ததைச் சமைத்துப் போட்டுத் தூங்க வைக்கிறாள். முருகுவுக்கு தோசை, எனக்குப் புட்டு.

ஆனால் அந்த அப்பா முகத்தையே காட்டுவதில்லை, கவனித்தீர்களா? குரல் மட்டும்தான். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்பா அப்படித்தான் இருந்தார், மஸ்கட்டிலிருந்தோ துபாயிலிருந்தோ. எங்கள் வீட்டிலும்தான். பணம் வரும், ஞாயிற்றுக்கிழமை போன் வரும். நன்றாகப் படி, சரியாகச் சாப்பிடு. அதனால் அந்த போன் எனக்கு வேடிக்கையாகப் படவில்லை. வேடிக்கையாகப் பட வேண்டும் என்று கேமும் வற்புறுத்தவில்லை.

நெஸ்ஸோடு வந்து சேரும் ஜெஃப் என்ற பையனின் கதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. விண்டர்ஸில் விடுதிப் பள்ளியிலிருந்து ராத்திரியில் தப்பி, பனியில் நடந்து, ஏரி தாண்டி, விஞ்ஞானி அப்பாவின் ஆய்வுக்கூடத்துக்கு வருகிறான். பத்து வருடம் கழித்துப் பார்க்கிறார்கள். அவர் ஒரு டோனட் வேண்டுமா என்கிறார். கிளம்பும்போது, இன்னொரு பத்து வருடத்தில் மறுபடி பார்ப்போம் என்கிறார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். நான் கன்ட்ரோலரை அவனிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

கேசட் காலம்

சரக்கொன்றை, உங்கள் பதிவைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது. இதை எழுதிய இட்டோய்தான் 1988-ல் வந்த டோட்டோரோ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தில் அந்த இரண்டு பெண்பிள்ளைகளின் அப்பாவுக்குக் குரல் கொடுத்தவர். முகம் காட்டாத அப்பாவை எழுதியவர், வேறோர் இடத்தில் வெறும் குரலாக ஓர் அப்பாவானார்.

முதல் மதர் 1989-ல் ஃபேமிகாம் என்ற நின்டெண்டோ கன்சோலில் வந்தது. அதிலும் அப்பா போனில்தான். ஆங்கிலத்தில் அதிகாரபூர்வமாக 2015-ல்தான் வெளியிட்டார்கள். மூன்றாவது 2006-ல் ஜப்பானோடு நின்றுவிட்டது. அது வேறு ரகம், இந்த இழையில் வேண்டாம்.

எழுத்துக்கூட்டி

பையன் நாலாம் வகுப்பு, பானஸ்வாடியில் இருக்கிறோம். ஸ்விட்ச் ஆன்லைன் பட்டியலில் இந்த கேமின் படத்தைப் பார்த்து ஆட வேண்டும் என்கிறான். பார்க்கச் சின்னப் பிள்ளை கேம் மாதிரி இருக்கிறது. நிஜமாகவே பிள்ளைகளுக்கானதா? ஜெஃப்பின் அப்பா விஷயத்தைப் படித்தால் யோசனையாக இருக்கிறது.

அல்சூர் முருகு

> நிஜமாகவே பிள்ளைகளுக்கானதா?

அக்கா, ரத்தம் கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. ஆனால் வெகுளியான கேம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒனெட்டில், ஊரை விட்டு வெளியே போக அனுமதி கேட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், பின்னறைக்குக் கூட்டிப்போய் வரிசையாகப் போலீஸ்காரர்கள் அடிக்க வருகிறார்கள். அந்த ஊர் போலீஸுக்குச் சாலையை மறிப்பதில்தான் பெருமை. பக்கத்து வீட்டு போக்கியையும் அவன் தம்பியையும் அவர்கள் அப்பா மாடிக்குக் கூட்டிப்போய்த் தண்டிக்கிறார். கீழே நிற்கும் நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஹேப்பி ஹேப்பி கிராமம் என்று ஒன்று. கார்பெயின்டர் என்ற ஆள் கிராமம் முழுவதையும் நீலமாக மாற்றினால் உலகம் சந்தோஷமாகிவிடும் என்கிறான். வீடு நீலம், மரம் நீலம், மாடும் நீலம். பெயின்ட் டப்பாவும் பிரஷும் வைத்துக்கொண்டு ஆட்கள் துரத்துகிறார்கள். நெஸ்ஸோடு சேர வேண்டிய பவுலா என்ற சிறுமியைப் பலி கொடுக்கத்தான் அடைத்து வைத்திருக்கிறார்கள். நீல மாட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனவன், பவுலா இருக்கும் குடிலுக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டேன்.

த்ரீடில் ஊரே ஜாம்பி. ஈ ஒட்டுகிற காகிதம் போல ஜாம்பி ஒட்டுகிற காகிதத்தை சர்க்கஸ் கூடாரத்தில் விரித்துவிட்டுப் போய்த் தூங்கினால், காலையில் எல்லா ஜாம்பியும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. இது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கதை பயமுறுத்த வருகிறது, விதி வந்து அதைக் கேலி செய்துவிடுகிறது. பயமே இல்லாமலும் இல்லை, பயம் மட்டும் என்றும் இல்லை.

என் யோசனை, பக்கத்தில் உட்கார்ந்து ஆடவிடுங்கள். குரல் கிடையாது, எல்லாம் எழுத்துதான். பையன் சத்தமாக வாசித்தால் ஆங்கில வாசிப்புக்கும் ஆயிற்று. நாளைக்கு அவன் வளர்ந்து அன்டர்டேல் என்ற கேமை ஆடும்போது, இது எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியும். அதை உருவாக்கிய டோபி ஃபாக்ஸ் எர்த்பவுண்ட் ரசிகர் மன்றத்தில் வளர்ந்தவர்தான்.

எழுத்துக்கூட்டி

சரி, பக்கத்தில் உட்கார்ந்தே பார்க்கிறேன். எங்காவது மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது.

கேசட் காலம்

பல ஊர்களில் காசு வாங்கிக்கொண்டு குறிப்புச் சொல்கிற கடை ஒன்று கேமுக்குள்ளேயே இருக்கிறது. அது போதாவிட்டால், அந்தப் பழைய கையேட்டை 2013-ல் வீ யு கன்சோலில் கேமை மறுபடி விட்டபோது நின்டெண்டோவே இணையத்தில் இலவசமாக வைத்தது. ஊர் ஊராகச் சுற்றுலாப் புத்தகம் போல எழுதியிருப்பார்கள். பையனுக்கு அதுவே தனி விளையாட்டு. முகர்ந்து பார்க்கிற அட்டை மட்டும் கிடைக்காது.

ஹெச்பி ஒன்று

அந்த போட்டோக்காரரைப் பற்றி யாரும் பேசவில்லையே. நடந்து போகும்போது வானத்திலிருந்து சுற்றிக்கொண்டே இறங்கி, நின்று சிரிக்கச் சொல்லி, ஒரு படம் எடுத்துவிட்டு மறுபடி மேலே போய்விடுகிறார். எதற்கென்று சொல்வதே இல்லை. ஜாம்பி ஊரிலும் வந்து எடுத்தார்.

அல்சூர் முருகு

எதற்கு என்று தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொள்ளவும். நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

டிஃப்பன்பாக்ஸ்

சரக்கொன்றையின் பதிவைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி பழைய சேவ் ஃபைலை எடுத்து மறுபடி ஆரம்பித்தேன். பையைப் பற்றிய என் கருத்து அப்படியேதான் இருக்கிறது, மாற்றமில்லை. ஆனால் ஜெஃப் ராத்திரியில் உடைந்த சாமானைச் சரிசெய்கிறான் என்பதை முன்பு நான் கவனித்திருக்கவே இல்லை. குப்பை என்று உடைந்த இரும்பு எல்லாவற்றையும் விற்றுக்கொண்டிருந்தேன். ஓட்டலில் தூங்கி எழுந்தால், அவன் அறிவு எண் போதுமான அளவுக்கு இருந்தால், காலையில் அது ஆயுதமாகியிருக்கிறது. மந்திரம் வராத ஒரே ஆள் அவன், பதிலுக்கு இது.

சாட்டர்ன் பள்ளத்தாக்கில் காபி கொடுத்தார்களே, அங்கே கேம் நின்று இதுவரை வந்த வழியை எல்லாம் திருப்பிச் சொல்லிற்று. முன்பு ஆடியபோது பட்டனைத் தட்டிக் கடந்துபோன இடம் அது. நேற்று முழுதும் வாசித்தேன். நீளம்தான், பரவாயில்லை.

முருகு, நீங்கள் மூன்சைட் முடித்துவிட்டதால் அடுத்து பாலைவனத்துக் குரங்குக் குகைக்குப் போவீர்கள். கதை சொல்லவில்லை, எச்சரிக்கை மட்டும். அங்கே ஒவ்வொரு குரங்கும் ஒவ்வொன்று கேட்டு வழியை மறிக்கும். பர்கர், பீட்சா, முட்டை, ஈரத்துண்டு என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பையில் இடமில்லாமல் போனால் திரும்பத் திரும்ப வெளியே வர வேண்டியதுதான். போகும்முன் ட்ரேசிக்கு போன் போட்டு எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள்.

அல்சூர் முருகு

பார்த்தேன். என் பையில் சைக்கிள், மூன்று கெட்சப், ஒரு டெடி பேர், எதற்கென்றே தெரியாத ஒரு அளவுகோல். டெடி பேர் அடியை நமக்குப் பதிலாக வாங்கும், அதைக் கொடுக்க மனசில்லை. கெட்சப்பைக் குரங்கு வாங்கிக்கொள்ளுமா?

டிஃப்பன்பாக்ஸ்

வாங்காது. சைக்கிளை அனுப்புங்கள்.